டிக்கியில் ஒரு பெட்டி

“உனக்கு எதுக்கும்மா சப்வூஃபர்?” என்று கேட்ட என் மகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தலைக்குப் பச்சைச் சாயம் அடித்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டாள்.

“தெருவுல வண்டி போனா ஜன்னல் எல்லாம் அதிருமே, அந்தப் பெட்டிதானே?”

“அதேதான்.”

“அறுபது தாண்டியாச்சு உனக்கு.”

“வயசைக் கேட்டுட்டா விக்கறாங்க?”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும், என்னைப்போலவே. நான் அதற்குமேல் வாய் கொடுக்கவில்லை. காரணத்தைச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அழுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. அழ வைக்கிற சுபாவம்தான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழிலாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் என்னிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். யார் பேரும் எனக்கு நிற்காது. அவரவர் செய்கிற தப்புதான் அவரவர் பேர். ஒருத்தர் ‘கண்ணாடி’, ஒருத்தர் ‘மூணாவது கியர்’. பெரிய டாக்டரம்மா ஒருத்தி எனக்கு இன்றைக்கும் ‘வைப்பர்’தான், திரும்பச் சொன்னால் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டு, வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்புவாள். பெல்ட் மாட்டுகிற ‘க்ளிக்’ காதில் விழாமல் சாவியைத் திருப்ப விடமாட்டேன். வண்டிக்குள் எங்கே எது லொடலொடத்தாலும் எனக்கு ஆகாது. தண்ணீர் பாட்டில் சீட்டுக்கு அடியில் உருண்டால்கூட ஓரம் கட்டச் சொல்லி அதை எடுத்த பிறகுதான் பாடம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மனுஷருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். “உன்கிட்ட திட்டு வாங்க எனக்கு லைசென்ஸ் எதுக்கு? வீட்லயே கிடைக்குதே” என்பார். பகலில் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலை. மற்ற நேரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடியில் கனமாக ஓடுகிற சத்தம்.

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் வீட்டுக்காரியாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கச்சேரி முடிந்ததும் யாராவது வந்து கை குலுக்கி, “அந்தப் பாட்டு நடுவுல கிட்டார் பிச்சு உதறிட்டீங்க” என்பார்கள். “அது நான் இல்லீங்க, அவர்” என்று பக்கத்து ஆளைக் காட்டுவார். “அப்ப நீங்க?” என்று கேட்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். இவர் சிரித்துக்கொண்டே, “நான் நிறுத்தினாத்தான் நான் இருந்தது தெரியும்” என்பார்.

அப்போது எங்கள் வீடு ஒற்றை அறையும் ஒரு சமையலறையும். குழந்தை தூங்கும். அடுத்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைச் சுவர் என்று சொல்வது பெரிய வார்த்தை. அதனால் பேஸ் கிட்டாரை ஸ்பீக்கரில் மாட்டி வாசிக்க வழியில்லை. மாட்டாமல் வாசித்தால் கம்பி ‘டிக் டிக்’ என்கிற சத்தம் மட்டும்தான் வரும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கிட்டாரின் தலைப்பக்கத்தை மர அலமாரியின் கதவில் அழுத்திக்கொண்டு வாசிப்பார். அலமாரி முழுக்கப் பாடும். நான் அதன் பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து துணி மடிப்பேன். அவர் வாசித்ததை நான் காதால் கேட்டதைவிட முதுகால் கேட்டதுதான் அதிகம்.

அலமாரிக் கதவில் ஒரு பித்தளை வளையம் தொங்கும், பிடித்து இழுக்க. ஒரே ஒரு சுரத்தை வாசித்தால் மட்டும் அந்த வளையம் ‘க்ர்ர்ர்’ என்று நடுங்கும். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது என்று தெரிந்ததும் மனுஷருக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் சமையலறையில் இருக்கும்போது அந்தச் சுரத்தையே திரும்பத் திரும்ப அமுக்குவார். க்ர்ர்ர், க்ர்ர்ர். “என்ன?” என்று கத்துவேன். “காபி” என்பார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதைவிட வளையத்தை வைத்துக் கூப்பிட்டதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். மகள் அலமாரியை ஒட்டிப் போட்ட கட்டிலில் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஊர் சுற்றுவோம். அவர் என் பக்கத்தில், நான் வேலை நாட்களில் உட்காருகிற சீட்டில். அந்தப் பக்கம் இன்னொரு பிரேக் இருக்கும் அல்லவா, சொல்லிக்கொடுக்கிறவருக்கு? ரேடியோவில் நல்ல பாட்டு வந்தால் இவர் அதில் காலை வைத்துத் தாளம் போட ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை பாலத்தின் நடுவில் வண்டி பாட்டுக்குத் தகுந்தபடி துள்ளித் துள்ளி நின்றே போய்விட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். நான் திட்டிய திட்டு பாலத்துக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.

போன வருஷம் அவர் போய்விட்டார். எப்போதோ வீடு மாறியபோதே அலமாரி போய்விட்டிருந்தது. கிட்டாரைக் குழுவில் ஒரு பையனுக்கு அவரே கொடுத்துவிட்டிருந்தார். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரல் மகளின் போனில் இருக்கிறது, “சாப்டியா?” என்று கேட்கிற குரல். வாசித்தது மட்டும் எங்குமே இல்லை. துணி மடிக்கும்போது சில சமயம் முதுகைச் சுவரில் சாய்த்து அதை நினைத்துப் பார்ப்பேன். முதலில் வந்துகொண்டிருந்தது. பிறகு மங்கிக்கொண்டே போனது. ஒருநாள் எவ்வளவு முயன்றும் வரவில்லை. அன்றைக்கு நான் நிஜமாகவே பயந்தேன்.

குழுவின் பழைய கேசட்டுகளை மகள் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். ஓய்வு பெற்றதும் நான் வாங்கிய கார், ஒரே பிரேக் உள்ள என் முதல் கார், அதிலேயே போட்டுக் கேட்டேன். பாடகர் இருந்தார். தபேலா இருந்தது, கீபோர்டு இருந்தது, கை தட்டல்கூட இருந்தது. அவரைக் காணோம். கம்பெனியில் பொருத்தி வந்த ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அகலம்தான். பேஸ் மாதிரிக் கனத்த சத்தமெல்லாம் அதில் எப்படி வரும்? ‘க்ளட்ச்’ ஞாபகத்துக்கு வந்தான்.

க்ளட்ச் என் பழைய மாணவன். க்ளட்சில் வைத்த காலை எடுக்கவே மாட்டான், அதனால் அந்தப் பேர். இப்போது டயர் கடைக்கு அடுத்து காருக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். நாள் முழுக்கச் சத்தத்துக்கு நடுவில் இருப்பதால் பக்கத்தில் நிற்பவரிடமும் எதிர்த் தெருவில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பேசுவான்.

“டீச்சர்! நீங்களா! சப்வூஃபரா!” மூன்று வார்த்தையும் டயர் கடைவரை கேட்டிருக்கும்.

“கத்தாதே. கம்பெனி ஸ்டீரியோவை மாத்தக் கூடாது. பின்னாடி பாக்கற கேமரா அதுலதான் தெரியுது. அது அப்படியே இருக்கணும், பெட்டி மட்டும் சேர்க்கணும். முடியுமா?”

“இதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்? பின் ஸ்பீக்கருக்குப் போற ஒயர்ல கை வைப்பேன். நடுவுல ஒரு சின்ன டப்பா. அது சத்தத்தை ஆம்ப்ளிஃபையருக்கு ஏத்த மாதிரி இறக்கிக் குடுக்கும். உங்க ஸ்டீரியோவுக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது.”

அவன் சொல்வது பொய்யில்லை, ஆனால் சொல்கிற தோரணை என்னவோ ராக்கெட் விடுகிறவன் மாதிரி. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வாசல்படித் தகட்டைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கி, பேட்டரியிலிருந்து ஒரு தடித்த சிவப்பு ஒயரை உள்ளே கொண்டுவந்தான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்தான். அதைப் பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி. பாட்டு வருகிற ஒயரை மறுபக்கமாக இழுத்தான், இரண்டும் ஒட்டிப் போனால் இஞ்சின் சத்தம் பாட்டுக்குள் வந்துவிடுமாம். டிக்கியில் ஓர் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கிற இரும்பில் கறுப்பு ஒயரைத் திருகினான். என் புது வண்டியின் தோலை உரிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் தெருவைப் பார்த்தேன். கடைசியாகக் கறுப்புத் துணி போர்த்திய பெட்டி டிக்கியில் ஏறியது. எங்கள் அலமாரியில் பாதிகூட இருக்காது.

“உக்காருங்க டீச்சர்” என்று சொல்லி அவன் தன்னுடைய பாட்டு ஒன்றைப் போட்டான். வயிற்றில் யாரோ குத்தியதுபோல் இருந்தது. கண்ணாடியில் தெரிந்த தெருவே ஆடியது.

“எப்படி!” என்றான்.

“அடுத்த தெருவுல யாரையாவது எழுப்பணும்னா நல்லா இருக்கும். என் பாட்டைப் போடு.”

பென் டிரைவைச் செருகினான். பாடகர் வந்தார். தபேலா கொஞ்சம் கனத்திருந்தது. நான் முதுகைச் சீட்டில் நன்றாக அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுமில்லை. அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு. க்ளட்ச் டிக்கிக்கும் ஸ்டீரியோவுக்கும் ஓடி ஓடி எதையெதையோ திருகினான். பெட்டி வாயே திறக்கவில்லை.

“டீச்சர், எதைத் தேடறீங்க?”

“பேஸ் கிட்டார். என் வீட்டுக்காரர் வாசிச்சது.”

முதல்முறையாக அவன் குரல் இறங்கியது. “பதிவுலயே இல்லன்னா பெட்டி என்ன பண்ணும் டீச்சர்? உள்ள இருக்கறதைத்தான் அது பெருசாக்கும்.”

அப்போதுதான் அவர் சொன்ன ஒரு ஜோக் ஞாபகத்துக்கு வந்தது. இந்தக் கேசட்டுகளைக் கேட்டுவிட்டு, “எல்லாரும் வந்திருக்காங்க, நான் மட்டும் லீவு” என்பார். நான் அதை ஜோக் என்றே நினைத்திருந்தேன். ஜோக் இல்லை. மேடையில் அவருக்கு மட்டும் தனி ஸ்பீக்கர் பெட்டி உண்டு. மற்றவர்கள் சத்தம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிற மிக்ஸர் வழியாகப் போகும். கேசட்டும் அந்த மிக்ஸரிலிருந்துதான் பதிவாகும். அவர் அதற்குள் போகவே இல்லை. எத்தனையோ கச்சேரி வாசித்திருக்கிறார், ஒன்றில்கூட இல்லை. இதற்காகவா வண்டியின் தோலை உரித்தேன்?

“இன்னும் ஒண்ணு இருக்கு டீச்சர், கடைசியில” என்று க்ளட்ச் திரையைப் பார்த்துச் சொன்னான்.

“அது கெட்டுப்போனது.”

அது கெட்டுப்போனதற்குக் காரணம் நான்தான் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கச்சேரிக்கு மிக்ஸர் பதிவு வேலை செய்யவில்லை. பாடகர் தன் டேப் ரெக்கார்டரை என்னிடம் கொடுத்து, “அண்ணி, எங்கயாவது வச்சு இதைப் பதிவு பண்ணுங்க” என்றார். மேடை ஓரத்தில் மேஜை இல்லை, நாற்காலி இல்லை. இடுப்பில் குழந்தை வேறு. கண்ணில் பட்டது என் வீட்டுக்காரரின் ஸ்பீக்கர் பெட்டிதான். அதன் தலையில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். மறுநாள் கேசட்டைப் போட்டுக் கேட்டால் வெறும் கடகடா குடுகுடு. பாடகரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. “அண்ணி, இது பாட்டா, வீடு இடியற சத்தமா?” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். தூக்கிப் போட வேண்டிய கேசட். மகள், “இது வேஸ்ட்மா, ஆனாலும் இருக்கட்டும்” என்று கடைசியில் சேர்த்திருந்தாள்.

அந்தக் கடகடா குடுகுடு அவரில்லாமல் வேறு யார்? “அதைப் போடு!” என்றேன், க்ளட்சின் குரலில்.

போட்டான். ‘பூம் பூம் பூம்’ என்று ஒரே குத்து. சுரம் மேலே போனாலும் பூம், கீழே போனாலும் பூம். க்ளட்ச் கட்டைவிரலை உயர்த்தினான்.

“இது அவர் இல்ல” என்றேன்.

“பேஸ் வருதே டீச்சர்!”

“அவர் இப்படிக் குத்த மாட்டார். நடப்பார். ஒவ்வொரு அடியும் தனியா இருக்கும்.”

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். “பசங்க கேக்கற மாதிரி வச்சிருக்கேன் டீச்சர். ஒரே இடத்தை மட்டும் தூக்கி விட்டிருக்கேன், அதான் எல்லாமே ஒண்ணா கேக்குது. இருங்க.” டிக்கிக்குப் போய் எதையோ முழுக்க இறக்கினான், வேறொன்றை மெதுவாக ஏற்றினான். “ஸ்டீரியோ சத்தத்தைப் பாதியிலயே வைங்க. மேல போனா கம்பெனிக்காரன் கனமான சத்தத்தை அவனாவே குறைச்சுடுவான், சின்ன ஸ்பீக்கர் கிழியக் கூடாதுன்னு. மீதியை நான் இங்க பாத்துக்கறேன்.”

குறைத்தேன். பூம் கரைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்து நடக்க ஆரம்பித்தது. ஓர் அடி, இன்னோர் அடி, கொஞ்சம் தயங்கி இரண்டு சின்ன அடிகள். சீட்டின் வழியாக நேரே என் முதுகுக்கு வந்தது. பாடகர் எங்கோ கிணற்றில் பாடிக்கொண்டிருந்தார், பாடட்டும். எனக்கு அவரைத் தெரிந்துவிட்டது. கூட்டத்தில் பின்னாலிருந்து வருகிற காலடியைக் கேட்டே யார் என்று தெரியுமே, அப்படி.

அப்புறம் அது வந்தது. க்ர்ர்ர்.

“என்ன?” என்று கத்திவிட்டேன்.

“நான் ஒண்ணும் சொல்லலியே டீச்சர்” என்றான் க்ளட்ச்.

க்ர்ர்ர். என் பக்கத்துச் சீட்டின் பெல்ட். மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த அதன் இரும்பு நாக்கு, பக்கத்துத் தூணின் பிளாஸ்டிக்கில் பட்டு ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அலமாரி வளையம் நடுங்கிய அதே சுரமா என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குச் சங்கீதம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அது வந்ததும் சமையலறையிலிருந்து வெளியே வர வேண்டும் என்பதுதான்.

“சே, லொடலொடங்குது” என்று க்ளட்ச் கதவைத் திறந்தான். கையில் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டு. “ரெண்டு நிமிஷம் டீச்சர். இங்க ஒரு துண்டு ஒட்டிட்டா மூச்சுக் காட்டாது.”

“வேண்டாம்.”

“உங்களுக்குத்தான் டீச்சர் லொடலொடன்னா ஆகவே ஆகாது! தண்ணி பாட்டிலுக்காக நடுவெயில்ல என்னை இறங்க வச்சீங்க. சரி, ஒட்ட வேண்டாம், மாட்டியாவது வைக்கறேன்” என்று ஆளில்லாத சீட்டின் பெல்ட்டை இழுத்து க்ளிக்கென்று பூட்டினான்.

சத்தம் நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பேஸ் நடந்துகொண்டிருந்தது, ஆனால் கூப்பிடுவது நின்றுவிட்டது. ஒரு வருஷமாக வீட்டில் இருந்த அமைதி முழுதும் அந்தச் சீட்டில் வந்து உட்கார்ந்தது.

“எடு” என்றேன். “பெல்ட்டை எடுன்னு சொல்றேன்!”

பெல்ட் போடச் சொல்லி நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். எடுக்கச் சொல்லித் திட்டு வாங்கிய முதல் ஆள் க்ளட்ச்தான். அவன் எடுத்தான். அடுத்த வரியில் மறுபடியும் க்ர்ர்ர். நான் ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவன் ஏதும் கேட்காமல் ஸ்பாஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு டயர் கடைப் பக்கம் போய்விட்டான். நல்ல பிள்ளை. அப்போதே க்ளட்சிலிருந்து காலை எடுக்கக் கற்றிருந்தால் இன்னும் நல்ல பிள்ளை.

சாயங்காலம் மகளை அவள் அலுவலக வாசலில் ஏற்றிக்கொள்ளப் போனேன். முன் கதவில் கை வைத்தாள்.

“பின்னாடி உக்காரு.”

“ஏன்? முன் சீட்டுக்கு என்ன?”

“உக்காருன்னா உக்காரு.”

“பெட்டி வாங்கினதும் வாடகை வண்டி டிரைவர் ஆயிட்டியா?” என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினாள். க்ளிக் கேட்டது. வண்டியை எடுத்தேன். பெரிய சாலைக்கு வந்ததும் கடைசிப் பாட்டைப் போட்டேன்.

“இது அந்த வேஸ்ட் கேசட்டும்மா” என்றாள். சத்தம் நடக்க ஆரம்பித்தது. இரண்டு சிக்னல் தாண்டினோம். க்ர்ர்ர். “முன்னாடி பெல்ட் ஆடுதும்மா” என்று பின்னாலிருந்து எட்டி அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். க்ர்ர்ர். நீட்டிய கை பாதியில் நின்றது. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். கட்டிலில் படுத்துக்கொண்டு தூக்கத்துக்குக் காத்திருக்கிற குழந்தையின் முகம் அது. நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

“அம்மா” என்றாள். “காபி கேக்கறார்மா.”

கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரம் கட்டினேன்.